ஊர்க் காய்ச்சல் கணக்கு எப்படி எழுதப்படுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் டெங்கு எண்ணிக்கை தமிழ்நாட்டில் அன்றாடச் செய்தியாகிவிடும். கொரோனா ஆண்டுகளில் மாலைச் செய்திக்குறிப்புக்காக மாநிலமே காத்திருந்தது. அந்த எண்ணை முழுமையாக நம்புவோரும் உண்டு, முழுமையாக மறுப்போரும் உண்டு. இரு தரப்பிலும் பெரும்பாலோர் அது எப்படித் திரட்டப்படுகிறது என்று விசாரித்ததில்லை. தமிழ்நாட்டு நடைமுறையை முன்வைத்து, வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

‘மாவட்டத்தில் இன்று 14 பேருக்கு டெங்கு’ என்றால், இன்று 14 பேர் காய்ச்சலில் விழுந்தார்கள் என்று பொருளா?

இல்லை. 14 பேருடைய ரத்தப் பரிசோதனை முடிவு, அரசு ஏற்கும் முறையில் டெங்கு என்று வந்து, மாவட்டப் பட்டியலில் ஏறியிருக்கிறது என்று பொருள். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் முந்தாநாள் தொடங்கியிருக்கலாம். இன்னொருவர் குணமாகி வேலைக்கே திரும்பியிருக்கலாம். ஏடிஸ் கொசு கடித்து 4 முதல் 10 நாள் கழித்துத்தான் காய்ச்சல் வருகிறது. பிறகு இரண்டு நாள் வீட்டில் மாத்திரை, மூன்றாம் நாள் பக்கத்துக் கிளினிக், அதற்கும் பிறகு மருத்துவமனை. முடிவு வரவும் பதிவாகவும் மேலும் ஓரிரு நாள். இன்றைய செய்தியில் நாம் படிப்பது, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன் கடித்த கொசுக்களின் கணக்கை.

யார் எழுதுகிறார்கள்? எங்கிருந்து புறப்படுகிறது?

கிராமத்தில் கடைசிப் படி துணை சுகாதார நிலையம். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. அங்குள்ள கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போகும்போது காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று அறிகுறிகளைப் பதிவார். எந்த நோய் என்று முடிவுசெய்வது அவர் வேலையல்ல. அடுத்த படி ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர். நோயாளியைப் பரிசோதித்து ‘டெங்குவாக இருக்கலாம்’ என்று ஊகமாகப் பதிவார். மூன்றாவது ஆய்வகம், உறுதியானவற்றை மட்டும் பதியும்.

2004-இல் தொடங்கிய மத்திய அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இந்த மூன்றுக்கும் மூன்று படிவங்களை வகுத்தது: எஸ், பி, எல். அறிகுறிக்கு எஸ், ஊகத்துக்குப் பி, ஆய்வகத்துக்கு எல். திங்கள் முதல் ஞாயிறு வரையிலான கணக்கு வாரம் ஒருமுறை மாவட்டத்துக்குப் போகும். 2021 ஏப்ரலில் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் நாடு முழுமைக்கும் வந்தபின் பதிவு இணையத்துக்கு மாறியது. வாரக் கணக்கு நாள் கணக்காயிற்று. கண்காணிக்கும் நோய்களும் முப்பதைத் தாண்டின. மாவட்டக் கண்காணிப்புப் பிரிவு பட்டியலைச் சரிபார்த்து மாநிலத்துக்கு அனுப்புகிறது. அங்கே பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை தொகுக்கிறது.

இந்த மூன்று படிவங்களில் எது செய்தியில் வருகிறது என்பதுதான் பெரும்பாலான சண்டைகளுக்கு வேர். அமைச்சர் சொல்வது எல் கணக்கு. தெருவில் நாம் கண்ணால் காண்பது எஸ் கணக்கு. இரண்டும் ஒன்றாக இருக்கவே முடியாது. இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

என் மகனுக்கு ரேபிட் கார்டில் பாசிட்டிவ் வந்தது. அவன் கணக்கில் இல்லை என்கிறார்களே?

இந்திய வழிகாட்டுதலில் டெங்குவை உறுதிப்படுத்த, ஆய்வகத்தில் செய்யும் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை அல்லது அதற்கு ஈடான ஆய்வு தேவை. கிளினிக்கில் கால் மணி நேரத்தில் கோடு காட்டும் கார்டு பாசிட்டிவானால் ‘டெங்குவாக இருக்கலாம்’ என்ற வகையில்தான் சேரும். சிகிச்சைக்கு அது போதும். கணக்குக்குப் போதாது.

எலைசாவிலும் நாள் முக்கியம். காய்ச்சலின் முதல் ஐந்து நாள்களில் என்எஸ்1 என்ற வைரஸ் புரதத்தைத் தேட வேண்டும். அதன்பின் உடல் உருவாக்கும் ஐஜிஎம் எதிரணுவைத் தேட வேண்டும். மூன்றாம் நாளில் எடுத்த ரத்தத்தில் ஐஜிஎம் மட்டும் பார்த்தால் இல்லை என்றே வரக்கூடும். எதிர்ப்பக்கமும் ஒரு தொல்லை இருக்கிறது. ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்கும் என்பதால், ஆகஸ்டில் வந்துபோன டெங்கு, அக்டோபரில் வேறு காய்ச்சலோடு வருபவரின் ரத்தத்தில் தலைகாட்டும். ஆய்வகம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது.

எங்கள் தெருவில் ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள். பேரூராட்சிக் கணக்கில் ஒருவர்தான். மறைக்கிறார்களா?

மறைப்பு ஒருபோதும் நடக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டிய காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. ஐந்து பேரில் எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தார்கள்? எத்தனை மாதிரி எலைசாவுக்குப் போனது? எந்த நாளில் எடுத்தது? பட்டியலில் எந்த முகவரி ஏறியது?

கடைசிக் கேள்வியைப் பலரும் கவனிப்பதில்லை. சிகிச்சை தரும் மருத்துவமனை நகரத்தில் இருக்கும், நோயாளியின் வீடு வேறு மாவட்டத்தில் இருக்கும். விதிப்படி வசிக்கும் இடத்தின் கணக்கில்தான் சேர வேண்டும். ஏனென்றால் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் போக வேண்டியது அந்த வீட்டுக்கு. மருத்துவமனை முகவரி வாங்கி, உரிய மாவட்டத்துக்குத் தகவல் அனுப்பி, அங்கே சுகாதார ஆய்வாளர் வீட்டைக் கண்டுபிடித்து உறுதிசெய்த பிறகே ஊர் மாறும். விடுதியில் தங்கிப் படிப்பவர், மகள் வீட்டுக்கு வந்து நோயில் விழுந்த மூதாட்டி, ஆதார் முகவரி ஒரு ஊரும் வாடகை வீடு வேறு ஊருமாக இருப்பவர் என்று சிக்கல்கள் வந்துகொண்டே இருக்கும். கடிபட்ட இடம் இதில் எதுவுமே இல்லாமல் அலுவலகமாகவும் இருக்கலாம். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு.

கொரோனா காலச் செய்திக்குறிப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மாவட்டப் பட்டியலின் அடியில் விமான நிலையக் கண்காணிப்பு, ரயில் நிலையக் கண்காணிப்பு என்று தனி வரிகள் இருந்தன. அந்த வரிகளில் இருந்தவர்கள் எந்த மாவட்டத்தின் எண்ணிலும் இல்லை. மாநில மொத்தத்தில் மட்டும் இருந்தார்கள். மாவட்டங்களை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு ‘கணக்கு இடிக்கிறது’ என்று கொதித்தவர்கள் அந்த வரிகளைப் படிக்கவில்லை. அதே அட்டவணையில் உள்ளூர்த் தொற்றும் வெளியிலிருந்து வந்தவர்களின் தொற்றும் தனித்தனிப் பத்திகளில் இருந்தன. அவ்வளவு விவரமாக வெளியிட்டதைப் பாராட்டவே வேண்டும்.

ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிட மாட்டார்களா?

எண்ணிவிடுவார்கள். பிறகு நீக்குவார்கள். தனியார் ஆய்வகத்தில் ஒருமுறை, அரசு மருத்துவமனையில் ஒருமுறை என்று சோதித்தவர் இரண்டு பெயராகவே வருவார். ஓரிடத்தில் ‘எஸ். முருகன்’, இன்னோரிடத்தில் ‘முருகன் சுப்பையா’. வயது ஒன்றிரண்டு முன்பின். கைபேசி எண் ஒன்றில் மகனுடையது. இதைப் பிரித்தெடுக்க இன்றும் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதைவிடச் சிறந்த வழி இல்லை. மாதிரிகளின் எண்ணிக்கையும் ஆட்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதும் இதனால்தான். கொரோனா செய்திக்குறிப்பு இரண்டையும் தனித்தனியே தந்தது.

தனியார் மருத்துவமனைகள் கணக்குக் கொடுக்கின்றனவா?

கொடுக்க வேண்டும். 1939-ஆம் ஆண்டின் சென்னை பொது சுகாதாரச் சட்டம், இன்றைய தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம், அறிவிக்கப்பட்ட நோய்களைத் தெரிவிக்கும் கடமையை மருத்துவர்மீது வைக்கிறது. பெரிய மருத்துவமனைகள் இதற்கென ஆளை வைத்து அனுப்புகின்றன. சின்னக் கிளினிக்குகளில் அப்படி ஆள் கிடையாது. மாலையில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர் பத்து மணிக்குமேல் படிவம் நிரப்புவார் என்று எதிர்பார்ப்பது சட்டப்படி சரி, நடப்பில் வீண். கிராமங்களில் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புபவர்கள், மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்குபவர்கள் எந்தப் படிவத்திலும் இல்லை.

ஞாயிறு, திங்களில் எண்ணிக்கை குறைந்து, பிறகு கூடுகிறதே?

ஞாயிற்றுக்கிழமை நோய் ஓய்வெடுப்பதில்லை. ஆய்வகங்களும் கணினிப் பதிவாளர்களும் எடுக்கிறார்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறையிலும் இதே பள்ளம் தெரியும். ஏழு நாள் சராசரியைப் பாருங்கள்.

சில நாள்களில் எண்ணிக்கை திடீரென்று தாவுகிறதே, அன்று என்ன நடந்தது?

பெரும்பாலும் அன்று மேசையில்தான் ஏதோ நடந்திருக்கும். உலகம் முழுக்க இதற்கு உதாரணங்கள் கிடைக்கின்றன.

முதல் வகை, யாரை நோயாளியாக எண்ணுவது என்ற இலக்கணம் மாறுவது. 2020 பிப்ரவரி 12-ஆம் தேதிக்கான கணக்கில் சீனாவின் ஹூபே மாகாணம் ஒரே நாளில் 14,840 புதிய நோயாளிகளைக் காட்டியது. அவர்களில் 13,332 பேர் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், நுரையீரல் ஸ்கேன் உள்ளிட்ட மருத்துவ அடையாளங்களை வைத்துச் சேர்க்கப்பட்டவர்கள். முன்பு கதவுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் வகை, பழைய பாக்கியைக் கட்டுவது. 2021 ஜூன் 10 அன்று இந்தியாவின் ஒருநாள் கொரோனா இறப்பு 6,148 என்று வந்தது. அதில் பெரும்பகுதி, பீகார் தன் இறப்புக் கணக்கைத் திருத்திச் சேர்த்த சுமார் 4,000 பழைய மரணங்கள். இறந்த தேதியில் சேர்க்காமல் அறிவித்த தேதியில் சேர்த்தால் வரைபடத்தில் இப்படித்தான் கோபுரம் எழும்பும்.

மூன்றாம் வகை வெறும் எழுத்தர் பிழை. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 பேரின் முடிவுகள் அன்றாடக் கணக்கில் ஏறாமலே போயின. பழைய எக்செல் கோப்பு வடிவம் சுமார் 65 ஆயிரம் வரிகளுக்குமேல் ஏற்காது என்பதை யாரும் கவனிக்கவில்லை. கணக்கில் ஏறாதது இருக்கட்டும். அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலையும் அதனால் நாள்கணக்கில் தாமதமானது. பணக்கார நாடு என்பதால் பிழை நேராது என்று எண்ணுபவர்களுக்காகச் சொல்கிறேன்.

இறப்பு எண்ணிக்கையிலாவது குழப்பம் இருக்காதல்லவா? ஒருவர் இறந்தார் என்பது தெளிவான செய்திதானே?

இறந்தது தெளிவு. எதனால் என்பதில்தான் எல்லாக் குழப்பமும். மருத்துவமனையில் மரணம் நேர்ந்தால் இறப்புக்கான காரணத்தைப் படிவம் 4-இல் மருத்துவர் எழுத வேண்டும். வீட்டில் நேர்ந்தால் படிவம் 4ஏ. முதல் வரியில் உடனடிக் காரணம், அதன்கீழ் அதற்கு அடிப்படையான காரணம், தனிப்பகுதியில் உடனிருந்த பிற நோய்கள். ‘பல உறுப்புச் செயலிழப்பு’ என்று முதல் வரியை மட்டும் எழுதி, கீழ்வரியில் டெங்கு என்று எழுதாமல் விட்டால் அந்த மரணம் டெங்குக் கணக்கில் வராது. கொரோனாவில் ‘இணைநோய்’ என்ற சொல் படுத்திய பாடு நினைவிருக்கும். சர்க்கரை நோயோடு இருபது ஆண்டு வாழ்ந்தவர் கொரோனா வந்த பத்தாம் நாள் இறந்தால் அடிப்படைக் காரணம் கொரோனாதான்; சர்க்கரை உடனிருந்த நோய். படிவம் தெளிவாக இருந்தது, நிரப்பியவர்கள் எல்லோரும் அப்படி நிரப்பவில்லை.

சென்னையில் நடந்ததைப் பாருங்கள். 2020 ஜூனில், மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த கொரோனா மரணங்கள் சில மாநிலப் பட்டியலில் இல்லை என்பது வெளியே வந்தது. இரண்டும் அரசு ஆவணங்கள்தான், இரண்டும் ஒரே நகரத்தைப் பற்றியவைதான். ஆனால் ஒன்று மயானத்திலிருந்தும் பதிவாளரிடமிருந்தும் வந்தது, மற்றொன்று மருத்துவமனைகள் அனுப்பிய தகவலிலிருந்து வந்தது. அரசு ஒரு குழுவை அமைத்துப் பட்டியல்களை ஒப்பிட்டது. ஜூலை 22 அன்று, விடுபட்ட 444 மரணங்கள் சேர்க்கப்பட்டன. இதைச் சிலர் அம்பலம் என்றார்கள், சிலர் நேர்மை என்றார்கள். இரண்டுமே பாதிதான் சரி. இரண்டு பதிவேடுகளையும் வாரம் ஒருமுறை ஒப்பிடும் வழக்கம் முதலிலிருந்தே இருந்திருந்தால் 444 என்ற எண்ணே பிறந்திருக்காது.

பின்னர் 2021 செப்டம்பரில் வந்த மத்திய வழிகாட்டுதல், பரிசோதனை நாளிலிருந்து 30 நாளுக்குள் நிகழும் மரணங்களைக் கொரோனா மரணமாகக் கொள்ளச் சொன்னது. குடும்பத்துக்கு 50,000 ரூபாய் உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டது. இலக்கணம் விரிந்ததும், உரியவர்களுக்கு விண்ணப்பிக்கக் காரணம் கிடைத்ததும் சேர்ந்து என்ன செய்தன என்பதற்குக் குஜராத் சாட்சி. அங்கே அறிவிக்கப்பட்ட மரணங்கள் சுமார் 10 ஆயிரம். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்ட விண்ணப்பங்கள் 89 ஆயிரத்துக்கு மேல்.

அப்படியானால் உண்மையான எண்ணிக்கை அறிவிப்பதைப்போல் எத்தனை மடங்கு?

டெங்குவுக்கு ஒரு மதிப்பீடு இருக்கிறது, அதன் வேர் நம் மதுரை மாவட்டத்தில். அங்கு நடந்த கள ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 2014-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை, 2006 முதல் 2012 வரை இந்தியாவில் மருத்துவர்கள் கண்டறிந்த டெங்கு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 58 லட்சம் என்று கணித்தது. அரசுக் கணக்கைப்போல் 282 மடங்கு! இதைக் கேட்டு மயங்கி விழ வேண்டாம். அரசுக் கணக்கு எலைசா உறுதிசெய்தவை மட்டும், அதுவும் பெரும்பாலும் அரசின் கண்காணிப்பு மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. ஆய்வுக் கணக்கோ தனியார் மருத்துவர் ‘டெங்கு’ என்று சொல்லி மருந்து கொடுத்தவர்களையும் சேர்த்தது. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். அறிகுறியே இல்லாமல் வந்துபோகும் டெங்கு இந்த இரண்டிலும் இல்லை.

பிறகு எதற்கு இந்தக் கணக்கு?

ஆற்றுப் பாலத் தூணில் அடிக்கணக்கு வரைந்திருப்பார்கள். ஆற்றில் எத்தனை கன அடி தண்ணீர் என்று அது சொல்லாது. நேற்றைவிட ஏறுகிறதா என்று சொல்லும். நோய்க் கணக்கும் அதைத்தான் செய்கிறது. ஒரே முறையில், ஒரே இடங்களில், தொடர்ந்து எடுத்தால் போதும். தமிழ்நாட்டின் டெங்கு எண்ணிக்கை 2012-இல் 12,826, 2017-இல் 23,294. உண்மை அளவு இதைவிட மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அவை இரண்டும் மோசமான ஆண்டுகள் என்பதை அந்தக் குறைவான எண்களே காட்டிவிட்டன. 2012-இல் திருநெல்வேலிப் பக்கம் கவனம் திரும்பியதும் இந்தக் குறையுள்ள கணக்கால்தான்.

அளவுகோலை நடுவில் மாற்றினால்தான் ஆபத்து. இந்த வாரம் காய்ச்சல் முகாம்களை இரட்டிப்பாக்கினால் அடுத்த வாரம் எண்ணிக்கை கூடும், நோய் கூடாவிட்டாலும். சோதனையைக் குறைத்தால் எண் குறையும், நோய் குறையாவிட்டாலும். எனவே எத்தனை பேரைச் சோதித்ததில் எத்தனை பாசிட்டிவ் என்ற விகிதத்தையும் கேளுங்கள். கொரோனாவில் உலக சுகாதார நிறுவனம் 5 சதவீதத்தை எல்லையாகச் சொன்னது. அதற்குமேல் போனால் தேடல் போதவில்லை என்று கொள்ளலாம். டெங்குச் செய்தியில் இந்த விகிதம் பெரும்பாலும் வருவதே இல்லை. நிருபர்கள் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

‘மர்மக் காய்ச்சல்’ என்கிறார்களே, அது எந்தக் கணக்கில் வரும்?

அறிகுறிக் கணக்கில். சோதிக்கப்படாத காய்ச்சலுக்கும், சோதித்து டெங்கு இல்லை என்றான காய்ச்சலுக்கும் செய்தித்தாள் வைத்த பெயர் அது. எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், சிக்குன்குனியா, டைபாய்டு, இன்புளூயன்சா என்று உரியதைத் தேடினால் பல நேரம் மர்மம் விலகும். ஒரு கிராமத்தில் காய்ச்சல் வழக்கத்தைவிட அதிகம் என்று தெரிந்ததும் குழு போக வேண்டும். நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் எஸ் படிவமே.

எல்லா நோய்க்கும் ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் எண்ண வேண்டுமா?

தேவையில்லை. குடிநீரால் வரும் வயிற்றுப்போக்கில், சில நோயாளிகளின் மல மாதிரியில் காலரா கிருமி வளர்ந்தால் போதும். அதே பகுதியில் அதே அறிகுறியோடு வருபவர்களை அறிகுறி வைத்தே எண்ணலாம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா உறுதியாகி மருத்துவ அவசரநிலை அறிவித்தபோது, எல்லோருடைய ஆய்வக முடிவுக்கும் காத்திருந்திருந்தால் உடைந்த குழாயை யார் அடைப்பது?

தெருவாரியாக, வார்டுவாரியாக ஏன் வெளியிடுவதில்லை?

அதிகாரிகளிடம் அந்தப் பட்டியல் இருக்கிறது; பெயர், வயது, முகவரி, காய்ச்சல் தொடங்கிய நாள் எல்லாம் வரி வரியாக. வெளியிடாததற்குச் சரியான காரணமும் உண்டு, சோம்பலான காரணமும் உண்டு. ‘இந்தத் தெருவில் ஒருவர், வயது 34, ஆண்’ என்று போட்டால் அது யார் என்று தெருவுக்கே தெரியும். 2020-இன் தொடக்க மாதங்களில் வீட்டு வாசலில் ஒட்டிய அறிவிப்புத்தாள் ஒரு குடும்பத்துக்குப் பால் பாக்கெட் கிடைப்பதைக்கூட நிறுத்தியதை மறந்துவிட முடியாது. ஆனால் மண்டல அளவில் வெளியிட இந்தத் தடை இல்லை. சென்னை மாநகராட்சி கொரோனாவின்போது 15 மண்டலங்களுக்கும் தனித்தனியே எண்களைத் தந்தது. டெங்குவுக்கும் அப்படித் தரலாம்.

சுகாதார மாவட்டம் என்கிறார்களே, அது நம் மாவட்டம்தானா?

எப்போதும் இல்லை. நிர்வாக வசதிக்காகச் சில வருவாய் மாவட்டங்கள் இரண்டு சுகாதார மாவட்டங்களாகப் பிரிந்திருக்கின்றன. அறிக்கை எந்த எல்லையைச் சொல்கிறது என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

எங்கள் பகுதியில் பலருக்குக் காய்ச்சல். கணக்கில் ஏற நான் என்ன செய்ய வேண்டும்?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நகர்ப்புற சுகாதார மையத்துக்கோ நேரில் சொல்லுங்கள். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம். ‘எல்லோருக்கும் காய்ச்சல்’ என்று சொல்லாமல், எத்தனை வீடுகள், எத்தனை பேர், முதல் ஆள் எந்தத் தேதியில் படுத்தார், யாராவது மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறாரா என்று எழுதி வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ரத்தம் எடுக்கும்போது காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பதை மாதிரிப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். முகவரி கேட்டால் இப்போது தங்கியிருக்கும் வீட்டின் முகவரியைக் கொடுங்கள், அடையாள அட்டையில் வேறு இருந்தாலும். தனியார் கிளினிக்கில் கார்டு சோதனை பாசிட்டிவ் என்றால், எலைசாவுக்கு மாதிரி அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். இவற்றையெல்லாம் செய்தும் ஒரு வாரத்தில் யாரும் வந்து தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கவில்லையென்றால், அப்போது நீங்கள் புகார் எழுதலாம். கையில் தேதிகள் இருப்பதால் அந்தப் புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம்.